பீங்கான் பெட்டிக்குள் இரைச்சல்

எங்கள் மாமாவை ஒரு தப்பை ஒப்புக்கொள்ள வைத்த ஆளை நான் பார்த்ததில்லை. என் அக்காவைக் கட்டியவர். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் ஃப்யூஸ் கட்டைகளுக்கு அச்சு ஊற்றுகிற வேலை அவருக்கு. நல்ல உயரம், நல்ல சிரிப்பு, சட்டைக் கையிலும் காது மடலிலும் எப்போதும் ஒட்டியிருக்கும் வெள்ளை மண். சைக்கிள் செயின் கழன்றால் ரோடு சரியில்லை என்பார். திட்டக்குடி பஸ்ஸைத் தவறவிட்டால் டிரைவர் முன்கூட்டியே எடுத்துவிட்டான். அவரே உலை வைத்து அவரே குழைய விட்ட சோற்றுக்கு அரிசிக்கடைக்காரன் பொறுப்பு. இதையெல்லாம் கோபமாகச் சொன்னாலாவது பதிலுக்கு நாமும் கத்தலாம். அவர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, தூரத்தில் எதையோ கூர்ந்து கேட்பவர் மாதிரி நின்று, "நம்மகிட்ட ஒண்ணும் இல்ல மச்சான். வெளியில இருந்து வருது" என்பார். அந்தச் சாய்ந்த தலையைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அக்காவுக்குக் காது போக ஆரம்பித்ததும் அவர் கணக்கில் வெளியில் இருந்து வந்ததுதான். அதுவாவது உண்மை. ஒரு மழைக்காலத்தில் விஷக்காய்ச்சலில் கிடந்து எழுந்தாள். உடம்பு தேறியது. ஆனால் குக்கர் விசில் மேல் விசிலாக அடித்துக்கொண்டிருக்க, பக்கத்திலேயே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான்தான் எழுந்து போய் அடுப்பை அணைத்தேன். மாமா வேலை முடிந்து வந்தால் தெருமுனையிலேயே சைக்கிள் மணியை அடிப்பார், அக்கா கதவைத் திறப்பாள். அது அவர்களுக்குள் இருந்த வழக்கம். கதவு திறக்காமல் போன முதல் சில நாட்களில் மாமா என்ன செய்தார் தெரியுமா? சைக்கிளுக்குப் புது மணி வாங்கி மாட்டினார்.

"பழசு சத்தம் அமுங்கிப் போச்சு மச்சான். துரு ஏறிடுச்சி."

கடைசியில் நான்தான் இரண்டு பேரையும் பாண்டிச்சேரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் பொறுமையான மனிதர். நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டுப்போகிறது என்றார். மணி, விசில், கீச்சுக் குரல் இதெல்லாம் முதலில் போகும். லாரிச் சத்தம், இடிச் சத்தம் மாதிரி அடித்தொண்டைச் சத்தங்கள் கடைசிவரை நிற்கும். சில வருஷத்தில் அதுவும் போய்விடலாம், காதுமெஷின் ரொம்பத் தூரம் கைகொடுக்காது என்றார்.  திரும்பி வரும் வழியில் பஸ் நின்ற இடத்தில் மாமா டீ வாங்கிக் கொடுத்துவிட்டு என் பக்கம் குனிந்தார்.

"சத்தம் பத்தல, அவ்ளோதான் மச்சான். பெருசா குடுத்தா கேக்கும். அது முழுசா போறதுக்குள்ள அவ எவ்ளோ பாட்டு கேக்கணுமோ அவ்ளோவும் கேட்டுடணும். நான் ஆம்ப்ளிஃபையர் கட்டுறேன்."

அக்காவுக்குப் பாட்டு என்பது மற்றவர்களுக்கு டீ மாதிரி. ரேடியோ இல்லாமல் அவளுக்கு விடியாது. பாத்திரம் தேய்த்தாலும், துணி அலசினாலும் ரேடியோவோடு சேர்ந்து பாடுவாள். பல்லவியை ரேடியோவுக்கு விட்டுவிட்டு, சரணத்தைத் தான் எடுத்துக்கொள்வாள். கேட்பதற்கு ரொம்ப நன்றாக இருக்கும் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பாட்டு நின்ற பிறகு அந்த வீட்டில் உட்காரவே எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் மாமா ஆம்ப்ளிஃபையர் என்று சொன்னபோது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. டீக்கடை என்றும் பார்க்காமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

எண்பதுகளின் கடைசி அது. எந்த ஊரிலும் நாலு பேராவது வீட்டில் ஆம்ப்ளிஃபையர் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு போர்டு, ஒரு டிரான்ஸ்பார்மர், பக்கெட் சைஸில் ஒரு ஸ்பீக்கர், போர்டையும் டிரான்ஸ்பார்மரையும் அடைக்க ஒரு பெட்டி. மற்ற ஊர்க்காரர்கள் தகரப் பெட்டியோ அலுமினியப் பெட்டியோ வாங்குவார்கள். எங்கள் மாமா பீங்கானில் செய்தார்.

ஆமாம், பீங்கானில். வேறு ஊரில் இந்த யோசனை யாருக்கும் வந்திருக்காது. அவர் வாழ்நாள் முழுக்கச் செய்தது கரண்டைத் தடுக்கிற சாமான். பட்டறையில் யாராவது மண்ணைக் குறைத்துப் பேசினால் விடமாட்டார். "இந்த ஊரு மண்ணு இல்லன்னா எந்த ஊர்லயும் லைட்டு எரியாதுடா. கம்பத்து மேல ஏறிப் பாரு, நம்ம சாமான்தான் உக்காந்திருக்குது" என்பார். தகரத்தில் கரண்ட் ஏறும், ஷாக் அடிக்கும், அக்கா ஈரக்கையோடு தொடுவாள், பீங்கான்தான் பத்திரம். இதில் எனக்கு அப்போது ஒரு தப்பும் தெரியவில்லை. பட்டறை முதலாளியிடம் சொல்லி, சூளையில் மற்ற சாமான்களோடு ஒரு மூலையில் பெட்டியையும் வைத்துச் சுட்டெடுத்தார். மண் சூளையில் சுருங்கும் என்பது அந்த ஊரில் நடக்கப் பழகும் குழந்தைக்கும் தெரியும். மாமாவின் முதல் பெட்டி சுருங்கி வந்து நின்றது. டிரான்ஸ்பார்மர் உள்ளே நுழையவில்லை. அச்சு ஊற்றியே தலை நரைத்த மனிதர், சுருக்கத்துக்கு விட வேண்டிய அளவை விடாமல் போயிருக்கிறார்.

"சூடு ஜாஸ்தி வச்சிட்டான் சூளைக்காரன்" என்றார்.

அடுத்தது விரிசல் விட்டது. அதற்கு அடுத்தது திருகாணி ஓட்டைகள் கோணிக்கொண்டு வந்தது. கடைசியில் ஒன்று தேறியது. அது அழகாக இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். பால் வெள்ளையில் மினுங்கல் பூச்சு, ஓரத்தில் நீலக் கோடு, முன்னால் குமிழுக்கு ஒரு வட்டம். அக்கா அதற்கு ஊதுவத்தி காட்டாத குறைதான். முந்தானையால் துடைத்துத் துடைத்து வைத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு டேப் ரெக்கார்டரை அதோடு இணைத்து ஸ்விட்ச்சைப் போட்டார். பாட்டு வருவதற்கு முன்னால் அது வந்தது. ம்ம்ம்ம்ம்ம் என்று. அடித்தொண்டையில், நிற்காமல், ஊர் மாட்டையெல்லாம் ஒரு கிணற்றுக்குள் இறக்கிவிட்டது மாதிரி. பாட்டு அதற்குப் பின்னால் எங்கேயோ ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்தைக் கூட்டினால் பாட்டோடு அதுவும் கூடியது. அக்கா பெட்டியருகே காதைக் கொடுத்து, முகத்தைச் சுளித்து, "ஏங்க, என்னமோ இரையுதுங்க. பாட்டு அதுல மாட்டிக்கிட்டிருக்குது" என்றாள்.

மாமா தலையைச் சாய்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். "வெளியில இருந்து வருது" என்றார்.

அதிலிருந்து ஆரம்பித்த வேட்டையை நினைத்தால் இப்போதும் எனக்கு அலுப்புத்தான் வருகிறது. முதலில் டியூப்லைட்டின் மேல் சந்தேகம். கழற்றிவிட்டுக் குண்டு பல்பு போட்டார். அப்புறம் ஃபேன். அப்புறம் பக்கத்து வீட்டு மிக்சி. ஒரு நாள் அந்தத் தெருவில் வீடு வீடாகப் போய், "ஒரு அஞ்சு நிமிஷம் மெயினை அணைச்சி வையுங்க, டெஸ்ட்டு பண்ணணும்" என்று கேட்டார். மரியாதைக்காக அணைத்தவர்களும் உண்டு, என்னைக் கூப்பிட்டு "உங்க மாமாவுக்கு என்னா ஆச்சு?" என்று விசாரித்தவர்களும் உண்டு. பட்டறையில் மண் அரைக்கிற மில் ஓடுவதால்தான் என்று ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தார். பட்டறைக்கு விடுமுறை வந்தது, மில் நின்றது, இரைச்சல் நிற்கவில்லை. "அது பக்கத்து பட்டறை மில்லு" என்றார்.

போர்டை மாற்றினார். ஒயரை மாற்றினார். பெரிய கெப்பாசிட்டராக வாங்கிப் போட்டார். பெட்டியை மட்டும் மாற்றவில்லை.

இதற்கு நடுவில் ஒன்றைக் கண்டுபிடித்தார். பெட்டியின் பின்பக்கம் ஒரு திருகாணி உண்டு. அதில் விரலை வைத்தால் இரைச்சல் பாதியாகக் குறையும். எடுத்தால் திரும்ப வரும். இதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து அவர் சாயங்காலத்தில் உட்காரவே இல்லை. வேலை முடிந்து வந்து, கை கழுவி, பெட்டிக்குப் பின்னால் நின்று ஒரு விரலைத் திருகாணியில் வைத்துக்கொள்வார். அக்கா முன்னால் உட்கார்ந்து கேட்பாள். கேசட்டின் ஒரு பக்கம் முடியும்வரை நிற்பார். கொசு கடித்தால் அடுத்த கையால் அடித்துக்கொள்வார். காலையிலிருந்து பட்டறையில் நின்றுவிட்டு வந்த மனிதர். அதைப் பார்க்கும்போது எனக்குப் பாவமாகவும் இருக்கும், ஓங்கி ஒன்று வைக்கலாம் போலவும் இருக்கும்.

"மாமா, விரலை வச்சா குறையுதுன்னா, தப்பு பெட்டியிலதான இருக்குது?"

"அது இல்ல மச்சான். நம்ம ஒடம்பு வெளியில இருக்குற சத்தத்த இழுத்துக்குது."

அவர் சொல்வதற்கு ஏற்ற மாதிரியே உலகமும் அவருக்குச் சாட்சி சொன்னது, அதுதான் கொடுமை. எங்கள் பகுதியில் மாதத்துக்கு ஒரு நாள் பராமரிப்புக்காக பகல் முழுக்க கரண்ட்டை நிறுத்துவார்கள். அப்படி ஒரு நாளில் மாமா லீவு போட்டுவிட்டு, தெரிந்த லாரிக்காரரிடம் பழைய பேட்டரி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுத்தார். டேப் ரெக்கார்டருக்குக் கட்டை பேட்டரி. ஸ்விட்ச்சைத் தட்டினார்.

இரைச்சல் இல்லை. துளிகூட இல்லை. பாட்டு மட்டும் வந்தது. வயலின் தனியாக, தபலா தனியாக, பாடுகிறவர் மூச்சு வாங்குவது தனியாக. அக்கா சமையலறையிலிருந்து ஓடி வந்தாள், கையில் கரண்டியோடு. அப்படியே நின்றாள். சரணம் வந்ததும் பாட ஆரம்பித்தாள். குரல் சுருதியை விட்டு எங்கெங்கோ போனது, அவளுக்குத் தெரியவில்லை, எங்களுக்கும் அது முக்கியமாக இல்லை. மாமா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவர் அழுததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். சாயங்காலம் ஊருக்குக் கரண்ட் வந்தது. பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்த அதே பெட்டியில், அந்த நிமிஷமே, ம்ம்ம்ம்ம் என்று இரைச்சல் வந்து உட்கார்ந்துகொண்டது.

"பாத்தியா? பாத்தியா மச்சான்? நான் சொன்னன்ல? ஊரு கரண்ட்டு! நம்மகிட்ட ஒண்ணும் இல்ல!"

அவர் முகத்தில் அவ்வளவு வெற்றி. 

அதன் பிறகு அந்த வீட்டில் கரண்ட் நிற்கிற நாள் திருவிழா ஆனது. அக்கா விடியலிலேயே சமைத்து முடித்துவிடுவாள். தலைக்குக் குளித்துவிட்டு வந்து உட்காருவாள். ஊரே விசிறிமட்டையை ஆட்டிக்கொண்டு புழுக்கத்தில் திட்டிக்கொண்டிருக்கும்போது, அந்த ஒரு வீட்டில் மட்டும் சிரிப்பும் பாட்டும். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு மனுஷி பாட்டுக் கேட்பதற்கு ஊர் முழுக்கப் புழுங்க வேண்டுமா? எனக்கு ஆறவில்லை. கடைத்தெருவில் ரேடியோக்கடை வைத்திருந்தவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் டீயைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"பீங்கானுக்குள்ளயா வச்சிருக்காரு? வெளியில இருக்குற கரண்ட்டு ஒயரோட ஹம்மிங் எல்லாம் அப்படியே உள்ள பூந்துடுமே சார். பீங்கான் ஷாக்கத்தான் நிறுத்தும், இத நிறுத்தாது. ஒரு எண்ணெ டின்னுக்குள்ள போர்டை வச்சி, டின்னை எர்த்தோட சேருங்க. டிரான்ஸ்பார்மரை தள்ளி வைங்க. அவ்ளோதான்."

அப்படியென்றால் மாமா சொன்னது சரிதான். வெளியில் இருந்துதான் வந்திருக்கிறது. அதற்குக் கதவைத் திறந்து வைத்தது அவர் கட்டிய பெட்டி. இந்த இரண்டாவது பாதியை அவர் தலைக்குள் எப்படி ஏற்றுவது?

நயமாகத்தான் ஆரம்பித்தேன். ரேடியோக்கடைக்காரர் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். பெட்டியைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"தகரத்துலயா? எண்ணெ டின்னுலயா?"

"ஆமா மாமா. ஒரு தடவ வச்சிப் பாருங்க."

"பட்டறையில ஒருத்தன் தகரப் பெட்டி சுவிட்ச்ச தொட்டுட்டு வெறச்சிப் போயி வுழுந்தத நான் பாத்திருக்குறன். நான்தான் கட்டையால அடிச்சி வெலக்கிவுட்டன். உங்கக்கா வூட்ல தனியா இருக்குறா. அவ கத்துனாலும் அவளுக்கே கேக்காது. தகரம் வேணாம்."

"எர்த்து போட்டா ஷாக் அடிக்காதுன்றாரு."

"வெளியில இருக்குறவன் ஆயிரம் சொல்லுவான்."

நான் கத்திவிட்டேன். அவளுக்கு மிச்சமிருப்பது கொஞ்ச நாள், அதையும் உங்கள் வறட்டுப் பிடிவாதம் தின்கிறது என்றேன். இன்னும் மோசமாகவும் சொன்னேன். அக்கா இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்; அப்போதெல்லாம் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் பிடிப்பாள். "வுடுடா தம்பி. அவரு எனக்காகத்தான செய்யுறாரு" என்றாள். அதில்தான் எனக்கு இன்னும் கோபம் ஏறியது. சாப்பிடாமல் கிளம்பி வந்துவிட்டேன். ரொம்ப நாள் அந்தப் பக்கம் போகவில்லை.

திரும்பப் போக ஆரம்பித்தபோது தொண்ணூறுகள் பாதி ஓடிவிட்டது. பெட்டி அதே இடத்தில் இருந்தது, இரைச்சலும் இருந்தது, மாமாவின் விரலும் திருகாணியில் இருந்தது. அக்கா மட்டும் மாறியிருந்தாள். இப்போது பெட்டிக்கு ரொம்ப நெருக்கமாக உட்கார்ந்து, ஸ்பீக்கர் மேல் உள்ளங்கையை வைத்துக்கொள்வாள். "கேக்குதா?" என்று மாமா வாயசைத்துக் கேட்டால், "நல்லா கேக்குதுங்க, நீங்க கைய எடுத்துட்டு உக்காருங்க" என்பாள். அவர் விரலை எடுப்பார், இரைச்சல் முழுசாக எழும், அவள் சிரித்துக்கொண்டே தலையாட்டுவாள். எப்படித்தான் இதைத் தாங்கிக்கொள்கிறாளோ என்று நினைத்தேன். புருஷன் மனம் நோகக்கூடாது என்று நடிக்கிறாள் என்றுதான் முடிவு கட்டினேன்.

இன்னொன்றும் விநோதமாக இருந்தது. கரண்ட் நிற்கிற நாளில் அவள் பெட்டிப் பக்கமே வருவதில்லை. மாமா பேட்டரியைத் தூக்கி வந்து வைத்துக்கொண்டு காத்திருப்பார். அவள் கொல்லைப்பக்கம் துணி துவைக்கப் போய்விடுவாள். கூப்பிட்டால், "இன்னிக்கு வேணாங்க, வேலை கெடக்குது" என்பாள்.

"அலுத்துப்போச்சு அவளுக்கு" என்றேன்.

மாமா பேட்டரியைக் கழற்றித் தூக்கிக்கொண்டு போய் மூலையில் வைத்தார். அவர் என்ன யோசித்தார் என்று எனக்குத் தெரியாது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கறி வாங்கிக்கொண்டு போயிருந்தேன். உள்ளே நுழைந்ததும் பார்த்தது தரையில் ஒரு எண்ணெய் டின். வாயை வெட்டி, ஓரத்தை மடித்து, உள்ளே போர்டு. டின்னிலிருந்து எர்த்துக்காக ஒரு பச்சை ஒயர் சுவரோரம் போய் ஜன்னல் வழியாகக் கொல்லைக்கு இறங்கியிருந்தது. டிரான்ஸ்பார்மர் தள்ளித் தனியாக இருந்தது. நீலக் கோடு போட்ட பீங்கான் பெட்டி மூலையில் காலியாகக் கிடந்தது. மாமா டின்னுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தகர மூடியை வைத்துக் கடைசித் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பத்தலன்னு சொல்றா மச்சான். இன்னும் சத்தமா வையுங்கன்றா. குமிழை முழுசா திருப்பிட்டேன். அதுக்கு மேல இல்ல. இந்த இரைச்சல் போனாத்தான் பாட்டு மேல வரும்."

எனக்குப் பழசையெல்லாம் கொட்டித் தீர்க்க வேண்டும் போலிருந்தது. இதைத்தானே அன்றைக்குச் சொன்னேன், இத்தனை வருஷமா மாமா ஒரு டின்னுக்கு? ஆனால் அவர் விரல்களெல்லாம் தகரம் கிழித்த கீறலாக இருந்தது. கறிப்பையை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஸ்விட்ச்சைப் போட்டார்.

மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் மிக்சி ஓடியது. இரைச்சல் இல்லை. பாட்டு வந்தது, கழுவித் துடைத்த மாதிரி, வீடு நிறைய. தெருவில் போன ஒருத்தர் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நான் மாமாவின் தோளைப் பிடித்துக் குலுக்கினேன். அவர் சிரித்தார். எழுந்து போய் அக்காவைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து டின்னுக்கு முன்னால் உட்கார வைத்தார்.

அவள் டின்னைப் பார்த்தாள். ஸ்பீக்கரைப் பார்த்தாள். வழக்கம்போல உள்ளங்கையை அதன் மேல் வைத்தாள். கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பாட்டு சரணத்துக்கு வந்தது. பிறகு எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக் கேட்டாள்.

"என்னாங்க, கரண்டு போயிடுச்சா?"

மாமா ஃபேனை நிமிர்ந்து பார்த்தார். அது சுற்றிக்கொண்டுதான் இருந்தது.  டாக்டர் சொன்னது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பாட்டு அவளை விட்டு எப்போதோ போய்விட்டிருக்கிறது. இத்தனை நாளும் அவள் கேட்டுக்கொண்டிருந்தது அந்த இரைச்சலை.

மாமா டின்னுக்குப் பின்னால் கையை விட்டுப் பச்சை ஒயரைப் பிடுங்கினார். மூடியையும் கழற்றிக் கீழே வைத்தார். ம்ம்ம்ம்ம்ம் என்று அது எழுந்தது, கிணற்று மாடுகள் எல்லாம் ஒரே நேரத்தில்.

அக்காவின் முகம் மலர்ந்தது. "ஆங், வந்துடுச்சி" என்று நகர்ந்து சௌகரியமாக உட்கார்ந்துகொண்டாள்.

மாமா என் பக்கம் திரும்பினார். தலையைச் சாய்த்து, வெளியில் இருந்து வருது மச்சான் என்று சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். ஆசைதீரத் திட்டியிருப்பேன், எனக்கும் கொஞ்சம் பாரம் இறங்கியிருக்கும்.